மன்னா டே

மன்னா டே (1 மே 1919 – 24 அக்டோபர் 2013): இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகர். கொல்கத்தாவில் பிறந்தார், இயற்பெயர் பிரபோத் சந்திர டே. பார்வையற்ற இசைக்கலைஞரான சிற்றப்பா கிருஷ்ண சந்திர டேயிடம் இசை பயின்று, 1942இல் ‘தமன்னா’ படத்தில் அறிமுகமானார்.

சாஸ்திரிய ராகமென்றால் இவரைத் தேடிய இசையமைப்பாளர்கள், கதாநாயகர்களின் காதல் பாடல்களைப் பெரும்பாலும் சக பாடகர்களான ரஃபிக்கும் முகேஷுக்கும் பின்னர் கிஷோர் குமாருக்குமே கொடுத்தனர். ‘பசந்த் பஹார்’ (1956) படத்தின் போட்டிப் பாடலில் கதைப்படி இவர் வெல்ல வேண்டியிருந்தது. எதிரே பாடியவரோ இந்துஸ்தானி இசை மேதை பீம்சேன் ஜோஷி! ‘படோசன்’ (1968) படத்தில் நிலைமை தலைகீழ். தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வரும் நடிகர் மெஹமூதுக்குக் குரல் கொடுத்து, முறையான பயிற்சியே இல்லாத கிஷோரிடம் தோற்றார். அந்தத் தோல்வியில் தெறிக்கும் நகைச்சுவைக்கு அசாத்திய ஸ்வரஞானம் வேண்டும். ‘காபூலிவாலா’வின் (1961) தாய்நாட்டு ஏக்கப் பாடலிலோ முற்றிலும் வேறு குரல்.

மனைவி சுலோசனா கேரளத்தவர். மலையாளத்தின் ‘செம்மீன்’ (1965) படத்தில் சலில் சௌத்ரி இசையில் இவர் பாடிய பாடல் இன்றும் புகழ்பெற்றது. 2007ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்றார். பெங்களூரில் காலமானார்.