லாட ஆணியும் கடிகாரச் சக்கரமும்

இங்கிலாந்து தேசத்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு வடமேற்கே எட்டு மைல் தூரத்தில், மால்பரோ பிரபுக்களின் பிளெனிம் அரண்மனையை அண்டி அமைந்துள்ள உட்ஸ்டாக் என்ற சிற்றூரில், 18-ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த எஃகுத் தொழிலாளிகள், குதிரைகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்து எவருக்கும் பயன்படாமற்போன பழைய லாட ஆணிகளைச் சேகரித்து, அவற்றை உலையிலிட்டுச் சிறு பாளங்களாக அடித்து, அப்பாளங்களிலிருந்து கடுகளவும் மிளகளவுமான குமிழ்களைச் சமைத்து, ஒவ்வொரு குமிழுக்கும் ரத்தினக் கல்லுக்குத் தீட்டுவதைப்போலவே பட்டை தீட்டி மெருகேற்றி, சீமான்களும் சீமாட்டிகளும் ராஜசபைக்கு அணிந்து செல்லத்தக்க ஆபரணங்களாக மாற்றினார்கள். குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு தகட்டில் முடுக்கப்பட்டிருந்தன. வேண்டும்போது கழற்றித் துடைத்து மறுபடி பொருத்திக்கொள்ளலாம். உயர்ந்த வேலைப்பாடு கொண்ட குமிழில் பதினைந்து பட்டைகள் வரை இருந்தன என்பார்கள். மெழுகுவர்த்தியே விளக்காக இருந்த அக்காலத்து மண்டபங்களில், நடனமாடுகிறவர்களின் அசைவோடு சுடரும் அசைய, அந்தப் பட்டைகள் நீலம் கலந்த வெள்ளொளியைச் சிதறிக்கொண்டிருந்தன.

இரண்டு அவுன்ஸ் எடையே உள்ள உட்ஸ்டாக் எஃகுச் சங்கிலி ஒன்று பிரான்ஸ் தேசத்தில் 170 பவுண்டுக்கு விலைபோயிற்று என்று அக்காலத்து ஆங்கில நூல்கள் சொல்லுகின்றன. அதே எடையுள்ள பொன்னுக்கு அந்நாளைய நாணயச் சாலையின் விலை ஏறக்குறைய எட்டுப் பவுண்டுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், தெருப்புழுதியில் கிடந்த ஆணி பொன்னைக் காட்டிலும் இருபது மடங்கு மதிப்பை அடைந்தது எதனால் என்ற கேள்வி தானே எழுகிறது. அந்த மதிப்பு உலோகத்தில் இல்லை. உலோகத்தின்மீது செலவழிந்த கண்ணொளியிலும் கைப்பழக்கத்திலும் பொறுமையிலும் இருந்தது. ஆபரணத்தின் சரித்திரத்தை அரசர்களின் பொக்கிஷங்களைக்கொண்டே எழுதிப் பழகிவிட்ட நமக்கு, அற்பப் பொருள்களின்மீது மனிதன் தன் உழைப்பை ஏற்றி அவற்றை அணிகலனாக்கிய இந்த மற்றொரு சரித்திரம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

நீராவி யுகத்தின் பாவனையில் உடுத்துக்கொண்டு, புட்டி மூடியையும் பழைய பித்தளைச் சாவியையும் கடிகாரச் சக்கரத்தையும் அணியாகப் பூணும் ஸ்டீம்பங்க் என்ற வழக்கம் மேல்நாடுகளில் இன்று பரவியிருக்கிறது. அதை இளைஞர்களின் விளையாட்டென்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கைவேலைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வமிசாவளி உண்டு என்பதும், நீராவி யந்திரமே அத்தகைய மலிவான அணிகலன்கள் பிறந்த வீட்டிலேதான் வளர்ந்தது என்பதும் அவர்கள் அறியாத செய்திகள்.

அந்த வீடு பர்மிங்காம் நகரத்தை அடுத்த ஸோஹோ தொழிற்சாலை. பாதரட்சைக்கும் கச்சைக்கும் பூட்டும் பக்கிள்களையும், பொத்தான்களையும், பொடி டப்பிகளையும், கடிகாரச் சங்கிலிகளையும் செய்து விற்ற ஒரு வியாபாரியின் புதல்வரான மாத்யூ போல்டன் என்பவர், தந்தையின் தொழிலை விருத்திசெய்ய வேண்டுமென்ற உற்சாகத்தோடு 1760-களில் அதை நிர்மாணித்தார். உட்ஸ்டாக் தொழிலாளி ஒருவராக ஒரு குமிழைத் தொடக்கமுதல் முடிவுவரை செய்துவந்த வேலையை, அங்கே தகடு வெட்டுபவர், அச்சில் அழுத்துபவர், பட்டை பிடிப்பவர், மெருகிடுபவர் என்று பலரிடையே பகிர்ந்தளித்தார்கள். அதனால் விலை குறைந்தது, தொகை பெருகிற்று. ஜோஸையா வெட்ஜ்வுட் என்ற மட்பாண்ட வல்லுநர் நீல மண்ணின்மேல் வெள்ளை உருவங்கள் பதித்துச் சுட்டெடுத்த சிறு பதக்கங்களை, 1770-களில் போல்டன் தமது எஃகுச் சட்டங்களில் இழைத்து விற்றபோது, மண்ணும் இரும்பும் அல்லாமல் வேறொன்றும் இல்லாத அந்த நகைகளை ஐரோப்பாவின் உயர்குலத்தார் விரும்பி வாங்கினார்கள். அதே போல்டன்தான், கையில் பணமின்றித் தவித்த ஜேம்ஸ் வாட்டின் நீராவி யந்திரத்துக்கு 1775-ஆம் ஆண்டில் பங்காளியானார். உலகத்தின் முகத்தையே மாற்றிய யந்திரத்துக்குப் பக்கிளும் பொத்தானும் விற்றுச் சேர்த்த தனம் ஆதாரமாக நின்றது என்பதை நான் மிகுந்த வியப்போடு எண்ணிப் பார்ப்பதுண்டு.

வேஷத்தையும் நாகரிகத்தையும் நம்பி வாழும் தொழிலுக்கு நிலைபேறு இல்லை. 1790-ஐ ஒட்டிப் பாதரட்சையில் பக்கிளுக்குப் பதிலாக நாடா கட்டும் வழக்கம் வந்ததும், பர்மிங்காமிலும் அண்டை ஊர்களிலும் பக்கிள் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து, வேல்ஸ் இளவரசரிடம் விண்ணப்பம் செய்துகொண்டார்கள். இளவரசர் மனமிரங்கித் தம் பரிவாரத்தாரைப் பக்கிள் அணியச் சொன்ன போதிலும், நாடாவின் பிரவாகத்தைத் தடுக்க முடியவில்லை. உட்ஸ்டாக்கின் எஃகுத் தொழிலும், பர்மிங்காமின் மலிவுச் சரக்கோடு போட்டியிட மாட்டாமல், 19-ஆம் நூற்றாண்டில் மங்கி மறைந்தது. தகட்டோடு தகடாக அச்சில் அழுத்திய பிற்காலத்துக் குமிழ்களில் ஐந்து பட்டைகளுக்கு மேல் இருப்பது அரிது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தால் பயிற்சியில்லாத கண்ணுக்கும் வேற்றுமை புலப்படும்.

மலிவான உலோகத்தைப் பொன்போல் காட்டியவர்களும் உண்டு. லண்டன் பிளீட் வீதியில் கடிகாரக் கடை வைத்திருந்து 1732-இல் காலமான கிறிஸ்டபர் பின்ச்பெக், செம்பும் துத்தநாகமும் சேர்த்துப் பொன்போலவே தோன்றும் ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். வழிப்பறிக்கு அஞ்சிய பிரயாணிகள் அதிலே செய்த நகைகளை அணிந்து சென்றார்கள். குறைந்த மாற்றுத் தங்கத்தை விற்பதற்கு 1854-இல் சட்டம் இடங்கொடுத்த பிறகு அதன் செல்வாக்கு குன்றிற்று. பொன்னைப்போல் நடித்தது என்பதைத் தவிர அதற்குத் தனிப் பெருமை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மதிப்பெல்லாம் இரும்பை இரும்பாகவே காட்டி அழகு செய்தவர்களிடத்தில்தான்.

அவர்களுள் தலையானவர்கள் பெர்லின் நகரத்து வார்ப்புத் தொழிலாளிகள். 1804-இல் நிறுவப்பட்ட பிரஷ்ய அரசாங்கத்தின் வார்ப்படச் சாலையில், நுண்ணிய மணல் அச்சுகளில் உருக்கிய இரும்பை வார்த்து, இலையும் கொடியும் கோபுர வளைவுமாகச் சிலந்தியின் நூல்போல் மெல்லிய துண்டுகளை எடுத்து, அவற்றை வளையங்களால் கோத்து, கருநிற எண்ணெய்ப் பூச்சு கொடுத்துக் கழுத்தணிகளும் கைவளைகளும் செய்தார்கள். கையில் எடுத்தால் இரும்பென்று நம்ப முடியாத லேசு. தவறி விழுந்தால் கண்ணாடியைப்போல் ஒடிந்துபோகும் சுபாவம். 1810-இல் பிரஷ்யாவின் லூயிஸா மகாராணி மறைந்தபோது, அவள்மீது அளவற்ற பக்தி கொண்டிருந்த ஜனங்கள் துக்கக் குறியாக இந்தக் கறுப்பு நகைகளை அணிந்தார்கள். மூன்று வருஷங்களுக்குப் பின், நெப்போலியனை எதிர்த்து யுத்தம் மூண்டு கஜானா வறண்டு கிடந்த வேளையில், அரச குடும்பத்தைச் சேர்ந்த மரியானா இளவரசி நாட்டுப் பெண்களை அழைத்து அவர்களுடைய பொன் நகைகளை யுத்த நிதிக்குத் தரும்படி வேண்டினாள். கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்த அந்த ஸ்திரீகளுக்குப் பிரதியாக இரும்பு மோதிரங்கள் வழங்கப்பட்டன. பொன்னுக்கு ஈடாக இரும்பைப் பெற்றேன் என்ற கருத்துள்ள வாசகம் அவற்றில் பொறித்திருந்தது. அதன் பிறகு பெர்லினில் விரலில் பொன் அணிந்திருப்பதுதான் வெட்கத்துக்குரிய காரியமாயிற்று. அதே 1813-இல் மன்னர் ஏற்படுத்திய வீர விருதும் இரும்புச் சிலுவையே. ஒரு ராஜ்யம் முழுவதும் மனமுவந்து மலிவான உலோகத்தைத் தன் கௌரவச் சின்னமாக ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி, கடிகாரத்துக்கு வருவோம். பழைய ஆங்கிலப் பைக்கடிகாரங்களில், இடையறாது ஆடும் சமநிலைச் சக்கரத்தின் மேல்முனையைத் தாங்குவதற்காக, ஒற்றைப் பாதத்தில் நிற்கும் ஒரு சிறு பித்தளை மூடி அமைந்திருந்தது. தாங்குவது மட்டுமே அதன் கடமை. வெறுந்தகடாக விட்டிருந்தாலும் கடிகாரம் ஓடியிருக்கும். ஆனால் உறையைத் திறந்ததும் கண்ணில் படும் பாகம் அதுவே ஆதலால், சித்திர வேலைக்காரர்கள் அந்தக் கட்டைவிரல் நகமளவுத் தகட்டைத் துளைத்து, கொடிகளும் பூச்சாடிகளும் பறவைகளும் செதுக்கி, கழுத்துப்பகுதியில் பெரும்பாலும் ஒரு சிறு மனித முகத்தையும் வைத்தார்கள். பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசி நெருப்பில் காட்டி முலாமிட்டவர்கள் அந்த ஆவியைச் சுவாசித்து நடுக்க நோய்க்கு ஆளானார்கள். அதே கடிகாரத்துக்குள் ஓடும், மிக மெல்லிய கண்ணிச் சங்கிலிகளை, ஆங்கிலத் தென்கடற்கரையிலுள்ள கிரைஸ்ட்சர்ச் என்ற ஊரில் பெண்களும், ஏழைகள் விடுதிச் சிறுமிகளும் செய்தார்கள். நூற்றுக்கணக்கான கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தறைந்து தறைந்து இளவயதிலேயே அவர்களுடைய பார்வை பழுதுபட்டது. இவற்றைக் கையில் ஏந்தும்போதெல்லாம் அந்தச் சிறுமிகளின் நினைவு வராமல் இருக்க முடியுமா?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் யந்திரத்தால் கடிகாரம் செய்து மலிவாகக் குவிக்கத் தொடங்கியதும், பாட்டனார் காலத்துக் கடிகாரங்கள் மதிப்பிழந்தன. வெள்ளி உறையும் பொன்னுறையும் உருக்குக் குகைக்குப் போயின. உள்ளிருந்த யந்திரங்கள் குப்பைக் கூடைக்குப் போயின. அப்போது சில நகை வியாபாரிகள், அந்தச் சித்திர மூடிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, பெரிதும் சிறிதுமாக வரிசைப்படுத்தி, வளையங்களால் இணைத்துக் கழுத்து மாலைகளாகவும் கைக்கடகங்களாகவும் விற்றார்கள். விக்டோரியா ராணி காலத்துச் சீமாட்டி அவற்றை அணிந்துகொண்டபோது அவள் அறிந்தோ அறியாமலோ செய்ததும், இன்றைய இளைஞர் தொப்பியில் பற்சக்கரத்தை ஒட்டிக்கொள்ளும்போது செய்வதும் ஒரே காரியந்தான்.

கண்ணுக்கு அணியும் பெரிய கவசக் கண்ணாடி இன்றி ஸ்டீம்பங்க் வேஷம் பூர்த்தியாவதில்லை; அதற்கும் பழைய பிரமாணம் உண்டு. ரயில் வந்த புதிதில் திறந்த வண்டிகளில் உட்கார்ந்த பிரயாணிகளின் கண்களில் கரித்தூளும் தீப்பொறியும் வந்து விழுந்ததால், பக்கவாட்டில் கம்பிவலையோ கூடுதல் கண்ணாடியோ வைத்த ரயில் கண்ணாடிகள் கடைகளில் விற்றன.

நீராவி யுகத்தின் உருவம் கதைகளிலும் தங்கிற்று. ஜூல் வெர்ன் 1870-இல் முடித்த கடலடிப் பிரயாணக் கதையின் நாயகனான நீமோ, பின்வந்த 'மர்மத் தீவு' என்ற நவீனத்தில், திப்பு சுல்தானின் உறவினனும் 1857-ஆம் ஆண்டுக் கலகத்தில் பங்குகொண்டவனுமான புந்தேல்கண்ட் ராஜகுமாரனாக வெளிப்படுகிறான். மேல்நாட்டார் இன்று ஆசையோடு புனைந்துகொள்ளும் வேஷங்களில் ஓர் இந்தியனின் வேஷமும் சேர்ந்திருப்பதை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். அக்கதையை 1954-இல் டிஸ்னி படமாக்கியபோது, ஹார்ப்பர் காஃப் வரைந்த கப்பலின் இரும்புத் தகடுகளும் வரிசை வரிசையான தறையாணிகளும் பார்த்தவர் மனத்தில் பதிந்துவிட்டன. தாமும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதிவந்த விக்டோரியா காலத்துக் கற்பனைக் கதைகளுக்கு ஸ்டீம்பங்க் என்ற பெயரை, 1987-இல் லோகஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் கே. டபிள்யூ. ஜெட்டர் சூட்டினார். கதையில் இருந்தது பிறகு கைவேலைக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டிலுள்ள விஞ்ஞானச் சரித்திரக் காட்சிசாலை, பழைய வான நூற் கருவிகளும் சூரிய கடிகாரங்களும் நிறைந்த தன் கட்டடத்தில் இந்தக் கைவேலைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்திற்று.

மலிவான பொருளைக்கொண்டு ஸ்டீம்பங்க் கைவேலைக்காரர்கள் செய்யும் முறை எளியதாயினும் யோசனையுள்ளது. ஜாடி மூடியின் நடுவை வட்டமாக வெட்டி, ஒளிபுகும் தாளை உள்ளே ஒட்டி, இரண்டு மூடிகளையும் பழைய தோல்பையிலிருந்து அறுத்த வாரால் இணைத்தால் கண் கவசம் ஆகிறது. வாஷர், தையல் யந்திரத்தின் பாபின், பிரஸ் பட்டன், எரிந்துபோன மோட்டாரிலிருந்து அவிழ்த்த செம்புக் கம்பி எல்லாம் அதற்கு அங்கங்களாகின்றன. தறையாணிகளுக்குத் தலை பெரிய டிராயிங் பின்களை ஒடித்து ஒட்டலாம். அவையும் கிடைக்காவிட்டால் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்து உலரவிட்டாலும் போதும். பிளாஸ்டிக்கை உலோகமாகக் காட்டுகிற ரகசியம் வர்ணத்தில் இருக்கிறது. முதலில் முழுவதும் கறுப்புப் பூச வேண்டும். அது உலர்ந்தபின், வெண்கல நிறத்தில் தோய்த்துப் பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை மட்டும் மெல்லத் தடவ வேண்டும். பள்ளங்களில் கறுப்பு நின்று நிழலாகிறது. பிறகு நீர்த்த பழுப்பு நிறத்தைப் பூசி உடனே துடைத்தால் மூலைகளில் அது தங்கி எண்ணெய்ப் பிசுக்குப்போல் தெரியும். கடற்பஞ்சால் இரண்டொரு இடத்தில் பச்சை ஒற்றினால் செம்பில் பிடித்த களிம்பாகும். நூறு வருஷத்துப் பழமையை ஒரு பிற்பகலில் வரவழைத்துவிடலாம்.

பற்சக்கரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லுவேன். கண்ட இடமெல்லாம் சக்கரங்களை அப்பிவிடுவது அழகாகாது. அணிகலன் உண்மையில் இயங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு சக்கரத்தின் பல் அடுத்ததன் பல்லோடு கோத்து நின்றால், பார்ப்பவன் கண் அதைச் சுழற்றிப் பார்த்து மகிழும். கோக்காமல் கிடந்தால் அந்த வேலையைச் செய்தவன் யந்திரத்தை நேசிக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். அன்றியும், சக்கரத்துக்காகப் பழைய கடிகாரத்தைப் பிளப்பவர்கள், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிந்தவரிடம் ஒரு தடவை காட்டுவது அவசியம். சித்திர மூடியும் கண்ணிச் சங்கிலியும் உள்ள யந்திரமானால் அதைத் தொடாமல் விடுவதே கிரைஸ்ட்சர்ச் சிறுமிகளுக்குச் செய்யும் மரியாதை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த சில கடிகாரங்களின் முகத்தில் இருளில் ஒளிரும்படி ரேடியம் கலந்த வர்ணம் தீட்டியிருக்கிறார்கள்; அதன் ஒளி அவிந்துபோனாலும் விஷம் அவியவில்லை; சுரண்டினால் துகள் மூச்சில் புகும். அத்தகையவற்றை வாங்காமலிருப்பது நலம். கடிகாரம் பழுதுபார்ப்பவர்களிடம் பல் உடைந்த சக்கரமும் முறிந்த வில்லும் ஒரு டப்பி நிறையக் கிடக்கும். கேட்டால் பெரும்பாலோர் சொற்ப விலைக்கே கொடுத்துவிடுவார்கள்.