பெயரில்லாமல் எழுதுகிறவர்கள்

பட்டம் பெற்றதும் மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில் பணிக்குச் சேரும் இளைஞர் முதல் சில மாதங்களில் செய்யும் வேலை ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். காலையில் நாளிதழ்களைப் புரட்டி, வாடிக்கை நிறுவனத்தின் பெயர் எங்கெங்கே வந்திருக்கிறது என்று தொகுக்க வேண்டும். செய்திக்குறிப்பு எழுத வேண்டும். அதைச் செய்தியாளர்களுக்கு அனுப்பி, வெளியாகுமா என்று தொலைபேசியில் கேட்க வேண்டும். மறுநாள் அக்குறிப்பு செய்தியாக அச்சேறும்போது எழுதியவர் பெயர் அதில் இராது. எழுதச் சொன்னவர் யார் என்பதும் பல வேளைகளில் தெரியாது. சொல்லின் மீது கொண்ட பற்றையே பிழைப்பாக்கிக்கொள்ள வருகிறவர்கள் இத்துறையில் பலர் என்பதால், இதன் தொடக்க வரலாற்றை நாம் திரும்பிப் பார்ப்பது பயனுடையது. அமெரிக்காவில் இத்துறையை உருவாக்கியவர்களும் ஒரு காலத்தில் புதுப் பட்டதாரிகளாக இருந்தவர்களே.

ஐவி லீ 1898இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க் நாளிதழ்களில் செய்தியாளராக உழைத்தவர். பின்னர் ஜார்ஜ் பார்க்கர் என்பவருடன் சேர்ந்து அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். 1906இல் நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்களுக்காகப் பணியாற்றியபோது பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தமது அலுவலகம் மறைவில் இயங்குவதன்று, யார் சார்பில் பேசுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வோம், தரும் தகவல் துல்லியமாக இருக்கும் என்பது அதன் சாரம்.

எட்டே ஆண்டுகளில் அவ்வாக்குறுதி சோதனைக்கு உள்ளாயிற்று. 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்ற ஊரில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் மீது மாநிலப் படையினரும் நிறுவனக் காவலர்களும் துப்பாக்கிச் சூடு நடத்தினர். கூடாரங்கள் எரிந்தன. அவற்றுள் ஒன்றின் அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் மாண்டனர். அச்சுரங்க நிறுவனத்தைத் தம் பிடியில் வைத்திருந்த ராக்ஃபெல்லர் குடும்பத்தினர் லீயை அமர்த்தினர். அவர் நாடெங்கும் அனுப்பிய துண்டறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்களின் ஓராண்டு ஊதியம் ஒன்பது வார ஊதியமாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னர் விசாரணை ஆணையத்தின் முன், உரிமையாளர் தரப்பு தந்த தகவல்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் அவருக்குச் சூட்டிய பெயர் 'பாய்சன் ஐவி', அதாவது நச்சுக்கொடி.

அடுத்தவர் எட்வர்ட் பெர்னேஸ். உளவியலறிஞர் ஃபிராய்டின் உறவினர். 1912இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் பெற்றவர், அத்தொழிலில் நாட்டமின்றி மருத்துவ இதழ் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். பால்வினை நோயைப் பற்றிய பிரெஞ்சு நாடகம் ஒன்றை 1913இல் நியூயார்க்கில் மேடையேற்ற முயன்றபோது எதிர்ப்பு வரும் என்று அஞ்சினர். பெர்னேஸ் ஒரு குழுவை அமைத்து, ஊரறிந்த பெரியோரை அதில் உறுப்பினராக்கினார். பொதுநலக் குழுவின் பெயர் முன்னே நின்றதும் நாடகம் தடையின்றி அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 21. நல்ல நோக்கத்திற்காகக் கண்டறிந்த அவ்வுத்தி அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

1919இல் அவர் தொடங்கிய அலுவலகத்தில் எழுத்துப் பணிக்குச் சேர்ந்தவர் டோரிஸ் ஃபிளைஷ்மன். பார்னார்டு கல்லூரியில் 1913இல் பட்டம் பெற்று நாளிதழில் எழுதிவந்த அவர், பின்னாளில் பெர்னேஸை மணந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கம் 1920இல் அட்லாண்டாவில் மாநாடு கூட்டியது. தெற்கு மாநிலங்களில் அச்சங்கம் நடத்திய முதல் மாநாடு அது. கறுப்பின மக்கள் வெள்ளையர் கும்பல்களால் கொல்லப்பட்டுவந்த காலம். ஃபிளைஷ்மன் முன்கூட்டியே அந்நகரம் சென்று, ஆட்சியாளர்களைச் சந்தித்து ஏற்பாடுகளைக் கவனித்தார். பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பையும் அவ்வலுவலகமே ஏற்றது. அச்செய்திகள் யாருடைய செய்திகள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

அதே அலுவலகம் 1929இல் வேறொரு வேலையில் இறங்கியது. பெண்கள் தெருவில் புகைபிடிப்பது இழுக்கு என்ற எண்ணத்தை உடைக்க விரும்பியது ஒரு புகையிலை நிறுவனம். மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் இளம்பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்து நடந்தனர். சிகரெட்டுகளுக்கு 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று பெயர். அழைப்பு ஒரு தனிப்பெண்ணின் பெயரில் அனுப்பப்பட்டிருந்தது. தெருவில் ஒருவர் தம் சிகரெட்டை அணைக்கச் சொன்னதால் தமக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று அவர் செய்தியாளர்களிடம் கூறினார். தாம் பெர்னேஸின் செயலாளர் என்பதை மட்டும் கூறவில்லை. பெண்ணுரிமை என்ற மெய்யான வேட்கை, விற்பனைக்கு வாகனமாயிற்று. பிற்காலத்தில் புகைப்பழக்கத்திற்கு எதிரான இயக்கத்தில் பெர்னேஸே பங்கேற்றார்.

அட்லாண்டாவுக்கும் ஐந்தாம் நிழற்சாலைக்கும் பயன்பட்ட திறமை ஒன்றே. நேரம் பார்த்தல், நிகழ்ச்சி அமைத்தல், செய்தியாளருக்குத் தேவையான சொற்களைத் தேர்ந்து தருதல் ஆகிய யாவும் பொதுவானவை. வேறுபாடு ஒன்றில்தான் இருந்தது. முன்னதில் அமர்த்தியவர் யார் என்று கேட்டால் விடை கிடைக்கும். பின்னதில் அவ்விடையை மறைப்பதே வேலையாக இருந்தது.

இங்கே நமக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வருகிறது. பிறரைப் புகழ்ந்து பரிசில் பெறுவது நம் புலவர்களும் அறிந்த வாழ்க்கைதான். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனிடம், இன்னாரிடம் இன்னது பெற்றேன், நீயும் அவனிடம் செல் என்கிறான். புகழ்ச்சி மிகையாக இருக்கலாம். ஆயினும் புகழ்கிறவன் பெற்றுக்கொண்டவன் என்பது கேட்பவனுக்குத் தெரியும். அதை வைத்து அவன் அச்சொல்லை நிறுத்துப் பார்த்துக்கொள்ள இயலும். கேட்பவனுக்குப் பாணன் செய்த மரியாதை அது.

1923இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெர்னேஸ் இத்துறையைப் பாடமாகவே நடத்தினார். இன்று பல நாடுகளிலும் பல்கலைக்கழகங்கள் அதைக் கற்பிக்கின்றன. பணிக்குச் செல்லும் மாணவர்களை நாம் தடுக்கவேண்டியதில்லை. மாநாட்டுக்கு முன் அட்லாண்டா சென்ற ஃபிளைஷ்மனும் அப்பணியைத்தான் செய்தார். தாம் எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் "இதை யார் சொல்லச் சொன்னார்?" என்று கேட்டால், தயங்காமல் சொல்ல முடியுமா என்பதை மட்டும் அவர்கள் அனுப்புவதற்கு முன் எண்ணிப் பார்க்கட்டும். சொல்ல முடியாத நாள் வருமாயின், அது வேலையின் முதல் மாதமாக இருந்தாலும், அன்றே கேள்வி எழுப்ப வேண்டும். லீ தம் சொந்த அறிக்கையிலிருந்து விலக எட்டு ஆண்டுகள்தான் ஆயின.