பரப்பு இழுவிசை

பரப்பு இழுவிசை என்பது திரவத்தின் மேற்பரப்பு இயன்றவரை சுருங்கிக்கொள்ளும் இயல்பு. திரவத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே அந்த இழுப்பு கிடையாது; அதனால் அது உள்நோக்கி இழுபடுகிறது, பரப்பு சுருங்குகிறது. மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு எவ்வளவு வலுவோ, இழுவிசையும் அவ்வளவு கூடும். 25 டிகிரி செல்சியஸில் நீருக்கு இது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எத்தனாலுக்கு 22 மட்டுமே. நீரில் அடர்ந்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம்.

வரலாறு

லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கருக்குப் பரவி அலையை அடக்கியதை பெஞ்சமின் பிராங்க்ளின் 1774-இல் வெளியிட்டார். தாமஸ் யங் 1805-இலும், லாப்லாஸ் 1806-இலும் வளைந்த பரப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை வகுத்தனர். மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பைக் கணக்கில் கொண்டுவந்தவர் வான் டெர் வால்ஸ் (1873). கல்லூரிப் படிப்பே இல்லாத ஆக்னஸ் பாக்கெல்ஸ் தம் வீட்டில் செய்த அளவீடுகள் 1891-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தன.

தமிழகத்திலிருந்து இத்துறைக்குப் பங்களித்தவர்களில் முதன்மையானவர் சி. வி. ராமன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறிய 1907-ஆம் ஆண்டிலேயே, பரப்பின் வளைவைக் கொண்டு திரவங்களின் இழுவிசையைக் கணக்கிடும் முறை பற்றிய அவரது கட்டுரை ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் வெளியானது. 1920-களில் எல். ஏ. ராமதாஸுடன் சேர்ந்து, திரவப் பரப்பில் ஒளி சிதறுவதையும் ஆராய்ந்தார்.

வகுப்பறைச் சோதனை

ஒரு ரூபாய் நாணயத்தைச் சோப்பின் வாடைகூட இல்லாமல் அலசித் துடைத்து, சமதளத்தில் வைத்து, டிராப்பரால் சொட்டுச் சொட்டாக நீர் விடவேண்டும். இருபது சொட்டு தாண்டியும் நீர் வழியாது. விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும். பிறகு ஒரு சொட்டில் ஒரு பக்கமாகச் சரியும். சோப்பு நீரோ சீயக்காய் ஊறிய நீரோ விட்டால் அந்தக் குவியல் தாழ்ந்தே இருக்கும். சீயக்காயில் உள்ள சப்போனின், சோப்பைப் போலவே மேற்பரப்பில் ஒதுங்கி இழுவிசையைக் குறைக்கிறது.

இதே சோதனையில் நீரை எத்தனால் அடங்கிய ஸ்பிரிட்டோடு ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. குழாய் முனையில் தொங்கும் சொட்டின் எடையே இழுவிசையைப் பொறுத்தது என்று தாமஸ் டேட் 1864-இல் காட்டினார். ஆகவே ஸ்பிரிட் சொட்டு, நீர்ச் சொட்டைவிடச் சிறியது. சொட்டுகளை எண்ணினால் வேறுபாடு குறைவாகத் தெரியும். ஊசியில்லாத சிரிஞ்சால் மில்லிலிட்டரில் அளந்தால் ஒப்பீடு சரியாக இருக்கும்.

காவிரி டெல்டா வயல்களில்

நெல்லில் கூண்டுப்புழு விழுந்தால், தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் விட்டு, எதிரெதிர் வரப்பிலிருந்து இருவர் கயிற்றைப் பிடித்துப் பயிர்மேல் இழுத்துச் செல்லும் முறை உண்டு. புழு இருக்கும் கூண்டுகள் உதிர்ந்து நீரில் விழும். பிறகு நீரை வடித்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு குறைவு என்பதால், வலுவான இழுவிசை கொண்ட நீர்ப்பரப்பு அதைப் படலமாக விரித்துவிடுகிறது. பிராங்க்ளின் குளத்தில் கண்டதும் இத்தகைய பரவலே.

நீரும் மண்துகளும் ஒன்றையொன்று ஈர்ப்பதாலும் நீரின் பரப்பு இழுவிசையாலும் நுண்துளை வழியே நீர் மேலேறுவது நுண்புழை ஏற்றம். வேதாரண்யம் போன்ற கடலோரக் கடைமடையில் கோடையில் நிலத்தடி உவர்நீர் இப்படி ஏறி, நீர் ஆவியானதும் மண்ணின் மேல் உப்புப் பூக்கிறது. கோடை உழவு மேல்மண்ணின் துளைத் தொடரை அறுத்து இந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. மேலே சேர்ந்துவிட்ட உப்பைக் கரைத்து இறக்க நன்னீர் பாய்ச்சியே ஆகவேண்டும்.