சந்திரனில் வௌவால் மனிதர்

1835 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி, நியூயோர்க்கில் ஒரு சதத்துக்கு விற்கப்பட்டுவந்த 'சன்' பத்திரிகை, சந்திரனைப் பற்றிய தொடர் ஒன்றை ஆரம்பித்தது. ஆறு பகுதிகளாக வெளிவந்த அத்தொடரின்படி, ஆங்கிலேய வானியலாளரான சேர் ஜோன் ஹேர்ஷல், தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இராட்சதத் தொலைநோக்கி ஒன்றை நிறுவி, சந்திரனிலே காடுகளையும் கடற்கரைகளையும் விலங்குக் கூட்டங்களையும் கண்டுபிடித்திருந்தார். நான்காம் பகுதியில் வௌவாற் சிறகு கொண்ட மனிதர்களும் வந்து சேர்ந்தனர்.

ஹேர்ஷல் அப்போது நன்னம்பிக்கை முனையில் இருந்தது உண்மை. மற்றையவை யாவும் 'சன்' ஆசிரியர் றிச்சட் அடம்ஸ் லொக்கின் கற்பனை.

பத்திரிகை உலகின் பெரும் புரட்டு என்றே இதனைப் பலரும் குறிப்பிடுவர். நான் அவ்வாறு கருதவில்லை. லொக் எழுதியது நையாண்டி. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த தோமஸ் டிக் என்பவர், சமயத்தையும் வானியலையும் கலந்து எழுதிய நூலில், சந்திரனில் மாத்திரம் 420 கோடிப் பேர் வாழக்கூடும் எனக் கணக்கிட்டிருந்தார். அவருடைய நூல்கள் அமெரிக்காவிலும் விரும்பிப் படிக்கப்பட்டன. அத்தகைய எழுத்துகளையே தாம் கேலி செய்ததாக 1840 இல் லொக் பகிரங்கமாக எழுதினார். கேலி செய்யப்பட்டவர்களோ அதனைக் கேலியென உணராமல், தமது நம்பிக்கைக்கான சான்றாக ஏற்றுக்கொண்டுவிட்டனர்.

வாசகர்கள் முட்டாள்களாக இருந்ததால் இது நிகழவில்லை. நையாண்டி, செய்தியின் உடையை முழுமையாக அணிந்து வந்தது. எடின்பரோ விஞ்ஞான சஞ்சிகையின் அனுபந்தத்திலிருந்து எடுக்கப்பட்டதென்ற குறிப்பு முதலிலேயே இருந்தது. வில்லையின் விட்டம் 24 அடி, நிறை ஏறத்தாழ ஏழு தொன், உருப்பெருக்கம் 42,000 மடங்கு என விபரங்கள் அடுக்கப்பட்டன. முதற் பகுதியில் பெரும்பாலும் தொலைநோக்கியின் அமைப்பைப் பற்றிய சலிப்பூட்டும் விளக்கமே காணப்படுகிறது. நீண்டகாலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில் சொல்கிறேன், உணர்ச்சிகரமான வசனத்தைச் சந்தேகிக்கும் உதவி ஆசிரியர்கூட, வரண்ட எண்களைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

என்னை உறுத்துவது வேறொன்று. ஆறு சதத்துக்கு விற்ற 'கனவான்' பத்திரிகைகளும் பின்தங்கவில்லை. அவை தொடரை மறுபிரசுரம் செய்தன. சில, எடின்பரோ மூலம் தம் கைவசமே இருப்பதாகப் பாவனை செய்தன. அந்தச் சஞ்சிகையோ அதற்கு முன்னரே நின்றுபோயிருந்தது! லொக்காவது ஒரு கற்பனையைப் படைத்தார். இவர்கள் இல்லாத மூலத்தைப் பார்த்ததாக அல்லவா காட்டிக்கொண்டார்கள்? சஞ்சிகை நின்றுபோனதைச் சுட்டிக்காட்டி, லொக்கே எழுதியவர் என அம்பலப்படுத்தியவர் போட்டிப் பத்திரிகையான 'ஹெரல்ட்'டின் ஜேம்ஸ் கோர்டன் பெனற். அவரும் வாசகர் நலன் கருதி மட்டும் அதைச் செய்யவில்லை என்பது வேறு கதை.

'சன்' மறுப்பு வெளியிடவில்லை. தனது விற்பனை 19,360 பிரதிகள் என அது பெருமையுடன் அறிவித்திருந்தது. செப்ரெம்பர் 16 ஆம் திகதி அது எழுதிய விளக்கமே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. தொடர் புரட்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல், அடிமை ஒழிப்பு என்னும் கசப்பான பிணக்கிலிருந்து மக்களின் மனத்தைச் சிறிது காலம் திசைதிருப்பியது நன்மையே என்ற பொருள்பட அது வாதிட்டது. அதே ஆண்டு ஜூலை இறுதியில்தான், தென் கரோலினாவின் சார்ள்ஸ்ரன் நகரில் கும்பலொன்று தபாலகத்தை உடைத்து, அடிமை ஒழிப்புப் பிரசுரங்களை எடுத்துச் சென்று எரித்திருந்தது. இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் விலங்கிடப்பட்டிருந்த நாட்டில், வௌவால் மனிதரைப் பற்றிப் பேசுவது ஓய்வாகக் கருதப்பட்டது. அந்த ஓய்வு யாருக்கு என்று அப்பத்திரிகை சொல்லவில்லை.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1844 ஏப்ரலில், பலூன் ஒன்று மூன்று நாட்களில் அத்திலாந்திக்கைக் கடந்தது என்ற செய்தியும் இதே 'சன்' பத்திரிகையில் வந்தது. எழுதியவர் எட்கார் அலன் போ. இம்முறை இரண்டு நாட்களில் மறுப்பு வெளிவந்தது.

ஹேர்ஷலுக்கு விடயம் தாமதமாகவே எட்டியது. முதலில் சிரித்தவர், 1837 இல் தம் அத்தை கரோலினுக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஜேர்மன் என நான்கு மொழிகளிலும் சந்திரனைப் பற்றிக் கேட்டுத் தம்மை நச்சரிக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்.