கருப்பையில் தாவும் மரபணுக்கள்: ஒரு கருத்தின் வரலாறு

மரபணுத்தொகுதியில் ஓரிடத்திலிருந்து பெயர்ந்தோ, தம் நகலை வேறிடத்தில் பதித்தோ பரவும் டி.என்.ஏ துண்டுகள் 'தாவும் மரபணுக்கள்' எனப்படுகின்றன. மனித டி.என்.ஏ-வில் ஏறத்தாழ 45 விழுக்காடு இவற்றிலிருந்து வந்தது என்பது 2001-இல் வெளியான மனித மரபணுத்தொகுதி வரைவில் தெரியவந்தது. மிகப் பெரும்பாலானவை தாவும் ஆற்றலை எப்போதோ இழந்துவிட்ட எச்சங்கள். அந்த எச்சங்களுள் சில, கருவைச் சுமக்கும் காலத்தில் பிற மரபணுக்களை இயக்கும் சுவிட்சுகளாக மாறியுள்ளன.

இக்கூறுகளை முதலில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் 1940-களில் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆராய்ந்தபோது, குரோமோசோமில் இடம் மாறும் கூறுகள் உள்ளதை அறிந்தார். அவர் அவற்றுக்கு இட்ட பெயர் 'கட்டுப்படுத்தும் கூறுகள்'. அவை தாவுவதைவிட, அருகிலுள்ள மரபணுவை அடக்கவும் விடுவிக்கவும் வல்லவை என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது. 1951-இல் ஒரு கருத்தரங்கில் இதை விளக்கியபோது வரவேற்பு கிடைக்கவில்லை. பின்னர் பாக்டீரியாக்களிலும் இத்தகைய கூறுகள் கண்டறியப்பட்டன. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் பரிசு தாவலுக்குத்தான். கட்டுப்பாடு பற்றிய அவரது கருத்தைப் பலர் ஒதுக்கியே வைத்தனர்.

1969-இல் பிரிட்டன், டேவிட்சன் இருவரும் மீண்டும் மீண்டும் வரும் டி.என்.ஏ தொடர்கள் மரபணுக்களை ஒழுங்குபடுத்தக்கூடும் என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். காற்று எதிர்த்திசையில் வீசியது. 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்த இரு கட்டுரைகள் இவற்றைத் 'தன்னல டி.என்.ஏ' என்றன: தம்மைப் பெருக்கிக்கொள்வதே இவற்றின் வேலை, உயிரிக்குப் பயன் இருக்க வேண்டியதில்லை.

கருப்பை இந்த வழக்கில் சாட்சியாக வந்தது 2011-இல். வின்சென்ட் லிஞ்ச், குந்தர் வாக்னர் முதலியோர் மனிதர், ஆர்மடில்லோ, ஓபோசம் ஆகியவற்றின் கருப்பை உட்சுவரில் இயங்கும் மரபணுக்களை ஒப்பிட்டனர். ஓபோசம் வயிற்றுப்பை விலங்கு; அதன் கர்ப்பம் இரு வாரங்களே. நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில் 1,500-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கருப்பையில் புதிதாக இயங்கத் தொடங்கியிருந்தன. அவற்றில் சுமார் 13 விழுக்காட்டின் அருகே எம்.இ.ஆர்.20 என்ற தாவும் கூறு இருந்தது. இக்கூறு ஓபோசத்தில் இல்லை.

ஒரு கூறு பரவும்போது, புரதங்கள் வந்து பற்றிக்கொள்ளும் தளங்களையும் உடன் கொண்டுசெல்கிறது. ஆகவே சிதறிக் கிடக்கும் பல மரபணுக்கள் புரோஜெஸ்டிரோன் போன்ற ஒரே ஹார்மோனின் ஆணைக்குக் கட்டுப்பட வழி பிறக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியே சடுதிமாற்றம் நேர்ந்து இது அமைய வேண்டுமானால் எத்தனை காலம் ஆகும்! (நஞ்சுக்கொடி பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படும் சின்சைட்டின் வேறு கதை. அங்கே உடல் எடுத்துக்கொண்டது ரெட்ரோவைரசின் புரதத்தை. இங்கே சுவிட்சை மட்டும்.)

கருப்பையில் சுரக்கும் புரோலாக்டின் இன்னும் வியப்பானது. மனிதரிலும் எலியிலும் யானையிலும் இச்சுரப்பு உண்டு. ஆனால் மூன்றிலும் அதைத் தொடங்கிவைப்பது வெவ்வேறு தாவும் கூறு என 2012-இல் காட்டப்பட்டது. ஒரே தீர்வை மூன்று முறை தனித்தனியே எட்டியிருக்கிறது படிமலர்ச்சி.

இதனால் மெக்ளின்டாக் சொன்னதே சரி என எழுதுவோர் உண்டு. பாதிதான் சரி. அவை கட்டுப்படுத்துவதற்காக வந்தவை அல்ல. தம்மைப் பெருக்கவே வந்தன. பின்னர் உடல் அவற்றில் சிலவற்றைப் பயன்படுத்திக்கொண்டது. மேலும், ஒரு மரபணுவின் அருகில் கிடப்பது மட்டுமே அதை இயக்குவதற்குச் சான்றாகாது. கூறை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த சோதனை 2018-இல் வெளியானது. மனித நஞ்சுக்கொடியில் சுரக்கும் சி.ஆர்.எச் என்ற ஹார்மோன் மகப்பேற்றின் காலத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அதன் மரபணுவை, சுற்றியுள்ள மனித டி.என்.ஏ-வுடன் எலிகளுக்குள் செலுத்தினர். எலியின் நஞ்சுக்கொடியிலும் அது சுரந்தது. குட்டிகள் பிந்திப் பிறந்தன. மரபணுவைத் தொடாமல், அருகிலிருந்த டி.எச்.இ.1பி என்ற பழைய ரெட்ரோவைரஸ் துண்டை மட்டும் நீக்கியபோது, நஞ்சுக்கொடியில் சுரப்பு நின்றது. குட்டிகள் வழக்கமான நாளில் பிறந்தன.