தொண்டைப் பையும் மோஷர் கைவிட்ட வழியும்

உண்ட உணவு வயிற்றை அடையாமல் வழியிலேயே தங்கிவிடும் நோய் ஒன்று உண்டு. தொண்டையும் உணவுக்குழலும் கூடுமிடத்தில் பின்சுவரின் மெலிந்த பகுதி பிதுங்கிப் பையாகத் தொங்கும். அதனுள் விழுந்த உணவு, பல மணி நேரம் கழித்துக் குனிந்தாலோ படுத்தாலோ செரிக்காமல் அப்படியே வாய்க்குத் திரும்பும். உறக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதியோரையே இது வருத்தும்.

பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் லட்லோ 1764-இல் இதனை விவரித்தார். இறந்த நோயாளியின் உடலை அறுத்துப் பார்த்த பின்னரே அவருக்குக் காரணம் புலப்பட்டது. எனினும் நோய்க்குச் சூட்டப்பட்ட பெயரோ, 1877-இல் நோயாளர் பலரின் குறிப்புகளைத் தொகுத்தாய்ந்த ஜெர்மானியர் சென்கருடையது. முதலில் கண்டவர் பெயர் பின்தங்குவது மருத்துவ வரலாற்றில் புதிதன்று!

பையை அறுத்தெடுப்பதே தீர்வு என்று முன்னாளில் எண்ணினர். 1886-இல் வீலர் என்பார் கழுத்தைத் திறந்து அதில் வெற்றியும் கண்டார். ஆனால் தையல் கசிந்தால் நச்சு நெஞ்சுக்குள் இறங்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றாத அக்காலத்தில் அதிலிருந்து மீள்வது அரிது.

உண்மையில் குற்றம் பையினுடையது அன்று. விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டிய தசை ஒன்று சரிவர விரிவதில்லை. அதனால் மேலே அழுத்தம் மிகுந்து மெலிந்த இடம் பிதுங்குகிறது. அத்தசையோ பைக்கும் உணவுக்குழலுக்கும் இடைப்பட்ட சுவரினுள் அமைந்தது. சுவரைப் பிளந்தால் தசையும் அறும். பையும் குழலும் ஓர் அறையாகும். உணவு தானே கீழிறங்கும். பையை அகற்ற வேண்டியதே இல்லை.

இதனை 1917-இல் வாய்வழியாகவே செய்து காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஹாரிஸ் மோஷர். ஆனால் நோயாளி ஒருவர் இறந்துபடவே, அம்முறையை அவர் கைவிட்டார். அவர் கருத்தில் பிழையில்லை என்பதே என் துணிபு. வெட்டிய விளிம்பை மூடும் கருவிதான் அன்று இல்லை. சுவீடன் நாட்டு டோல்மன் மின்சூட்டினால் சுவரைப் பிளந்து, 1960-இல் நூறு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அப்போதும் பலருக்கு அச்சம் தெளியவில்லை.

1993-இல் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும், இருபுறமும் உலோக ஊசிகளால் தைத்துக்கொண்டே நடுவில் வெட்டும் கருவியை வாய்வழியே செலுத்தினர். மோஷருக்குக் கிட்டாதது இதுவே. கழுத்தில் காயமில்லை, ஓரிரு நாளில் உணவும் உண்ணலாயிற்று. கழுத்தை நிமிர்த்த இயலாத முதியோருக்கு அந்த விறைத்த குழல் பொருந்தாது. அவர்களுக்கென வளையும் உள்நோக்கிக் குழல்வழிச் சிகிச்சை 1995-இல் பிரேசிலிலும் நெதர்லாந்திலும் வெளிவந்தது.

குறை இல்லாமலில்லை. பை மிகச் சிறிதாயின் தைக்கும் கருவிக்கு அங்கே இடம் போதாது. சுவரின் அடிப்பகுதி அறுபடாமல் எஞ்சினால் நோய் மீளவும் கூடும். அத்தகையோருக்குக் கழுத்தைத் திறக்கும் பழைய முறையை மருத்துவர்கள் இன்றும் நாடுவதுண்டு.