அலை தொடாத கடல் மாளிகை

ராமநாதபுரத்தில் 'அரண்மனை' என்று கேட்டாலே ராமலிங்க விலாசம் நிற்கும் வளாகத்துக்கு வழி சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது 1798 செப்டம்பரில் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்த இடம், பேச்சு முற்றிக் கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் மாண்ட இடம். அந்த ஒரு நாள், கட்டடத்தின் மற்ற வரலாற்றையெல்லாம் மறைத்துவிட்டது. போகலூரில் இருந்த தலைநகரைக் கிழவன் சேதுபதி இங்கே மாற்றியபோது எழுந்த இந்த மாளிகையைக் கடலோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும் என்று நினைக்கிறேன். வாசலில் அலை அடிக்கவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தெற்கே கீழக்கரை, வடகிழக்கே தேவிபட்டினம் என இரு துறைகளும் 20 கி.மீ. தொலைவுக்குள் இருக்கின்றன. மணலும் உப்புத்தண்ணீருமான கரையில் ஒரு தலைநகரம் எதைக் குடித்துப் பிழைக்கும்? கண்மாய்த் தண்ணீர் கிடைக்கும் நிலத்தில் கோட்டையை வைத்துக்கொண்டு, இருபக்கத் துறைகளையும் கைக்குள் வைத்திருந்ததுதான் இந்தச் சீமைக்கு ஏற்ற ஏற்பாடு.

இங்கே நெல் வானத்தை நம்பியது. மழை பொய்த்த ஆண்டிலும் கடல் கொடுத்தது. இந்தக் கரையில் மூழ்கி எடுத்த சங்கு, வளையல் அறுக்க வங்காளம் வரை போயிற்று. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சேதுபதிக்கும் பங்குரிமை இருந்தது. துறைகளில் சுங்கம் வந்தது. சேதுபதி என்ற பட்டமே கடல்வழியைச் சேர்ந்தது. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களைக் காக்க 1605-இல் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவருக்குக் கொடுத்த பொறுப்பு அது. கோட்டையும் அரண்மனையும் எழக் கீழக்கரைக் கப்பல் வணிகர் சீதக்காதி என்ற பெரியதம்பி மரக்காயர் துணைநின்றதாக மரபு சொல்கிறது. செவிவழிச் செய்தி என்று அதைத் தள்ளினாலும், 'விஜய ரகுநாத' என்ற தம் பெயரையே சேதுபதி அந்த மரக்காயருக்குப் பட்டமாகச் சூட்டினாரே, அதை எப்படித் தள்ளுவது? நிலத்தை மட்டும் நம்பிய அரசர் ஒரு கடல் வணிகருக்குத் தம் பெயரைக் கொடுத்திருக்க மாட்டார்.

இதைவிடக் கனமான மறுப்பு கட்டடக்கலையிலிருந்து வரும். உயரமான மேடை, ஏறிப்போகப் படிகள், தூண்கள் அணிவகுத்த பெரிய மண்டபம், அதைக் கடந்தால் சின்ன மண்டபம், கடைசியில் கருவறை போன்ற ராமர் பீடம். இது நாயக்கர் காலக் கோயில் அமைப்பு. இதில் கடலுக்கு என்ன வேலை? வடிவம் மதுரையிலிருந்து வந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த வடிவத்தில் யாரைக் குடியேற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். மாளிகையின் பெயரில் இருப்பவர் ராமலிங்கம், ராமேசுவரம் தீவில் கோயில் கொண்ட ராமநாதசுவாமி. உள்ளே இருப்பது ராமர் பீடம். தீவுக் கோயிலின் நாதரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து, சேதுபதிகள் தம்மை அவருடைய காவலராக நிறுத்திக்கொண்ட கட்டடம் இது. பின்னால் இதே மரபினர் ராமேசுவரத்தில் மூன்றாம் பிராகாரத்தை எழுப்பியதும் அந்தக் காவலின் தொடர்ச்சிதான்.

முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ராமாயணக் காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. மதுரை நாயக்கர் சேதுபதியைச் சிறப்பிக்கிறார். தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. இன்னொரு சுவரில் தொப்பியும் அங்கியும் அணிந்த ஐரோப்பியர் அரசரைக் காண வந்திருக்கிறார்கள். ராமனுக்கு இடம் கொடுத்த சுவர்களில் கப்பலேறி வந்த அந்நியருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தச் சந்திப்பு இந்த அரசின் அன்றாடப் பிழைப்போடு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்! 1772-இல் ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபின் படையும் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு ஆட்சிக்குத் திரும்பிய முத்துராமலிங்க சேதுபதி துணி வாணிபத்திலும் சுங்கத்திலும் விட்டுக்கொடுக்க மறுத்து ஆங்கிலேயக் கம்பெனியோடு மோதினார். 1795-இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைக்கு அனுப்பினார்கள். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, சேதுபதிகள் கொலுவிருந்த இந்த மாளிகையில் கட்டபொம்மனை விசாரிக்க ஜாக்சன் உட்கார்ந்திருந்தார்.